டேபும் ஸ்பேஸும் அற்ப விஷயமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில் எந்தெந்த வசதிகளைச் சேர்க்கலாம் என்று பட்டியலிடும் கேகான்ஃபிக் (Kconfig) கோப்புகளில் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தி யாராவது பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பினால், வேலையற்ற வேலை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

விதி எளிதுதான். ஒரு வசதியின் பெயரைச் சொல்லும் கான்ஃபிக் வரிக்குக் கீழே வருபவை ஒரு டேப் உள்ளே இருக்க வேண்டும், அந்த வசதியை விளக்கும் ஹெல்ப் உரை என்றால் ஒரு டேபும் இரண்டு ஸ்பேஸும். டேபுக்குப் பதில் எட்டு ஸ்பேஸ் அடித்தாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், கம்பைலும் ஆகிவிடும், அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் ஹெல்ப் உரை எங்கே முடிகிறது என்பதை, கோப்பைப் படிக்கும் நிரலான பார்சர் இந்த உள்தள்ளலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. முதல் வரியைவிடக் குறைவாகத் தள்ளிய வரி வந்ததுமே உரை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

அதற்காக எல்லா டேபையும் ஸ்பேஸாக்குவதும் சரியில்லை. 2024இல் வெளிக் கருவி ஒன்றுக்கு டேபைப் படிக்க வரவில்லை என்பதற்காக ஒருவர் கேகான்ஃபிக் வரியில் அதை ஸ்பேஸாக மாற்ற, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேகான்ஃபிக்கில் வேறு இடங்களில் வேண்டுமென்றே டேப்களைச் சேர்த்தார். திருந்த வேண்டியது அந்தக் கருவிதான், லினஸ் செய்தது நியாயம்.

என் ஒரே வேண்டுகோள்: இடைவெளித் திருத்தத்தைத் தனி பேட்சாக அனுப்புங்கள். புதிய வசதியோடு சேர்த்து அனுப்பினால், பரிசீலிப்பவர் உண்மையான மாற்றம் எது என்று வரிவரியாகத் தேட வேண்டியிருக்கிறது. அப்புறம், ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் ப்ளேமில் (git blame) இடைவெளி மாற்றங்களைப் புறக்கணிக்கும் வசதி இருக்கும்போது, வரலாறு கெட்டுப்போகும் என்று சொல்லி இந்தத் திருத்தங்களைத் தடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்