பெயர் தெரியாத கணக்கு டீச்சருக்கு

டீச்சர், எங்கள் வகுப்புக்கு மாற்று ஆசிரியராகக் கொஞ்ச நாள் வந்தீர்கள். என்னை நினைவிருக்காது.

பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று அதற்கு முன் ஒருமுறை கேட்டிருந்தேன். ‘விதி அப்படி, எழுது’ என்று பதில் வந்தது, வகுப்பே சிரித்தது. அப்புறம் நான் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருந்தேன்.

நோட்டுத் திருத்தும்போது அதைக் கவனித்தீர்கள். நான் வாய் திறக்கவே இல்லை. நீங்களாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். “6ஐ 2ஆல் வகுத்தால் 3. ஏன்? 3ஐ 2ஆல் பெருக்கினால் 6 வருகிறது. சரி, எதை 0ஆல் பெருக்கினால் 6 வரும்?” எதைப் பெருக்கினாலும் 6 வராது! “அப்படியானால் 0ஐ 0ஆல் வகுத்தால்?” என்றீர்கள். யோசித்தேன். எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்துகிறது, எதை 0ஆல் பெருக்கினாலும் 0தானே. அதனால் ஒரே விடை என்று எதையும் சொல்ல முடியாது. நான் கண்டுபிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தீர்கள். அதுதான் பெரிய விஷயம்.

எந்த விதிக்கும் காரணம் கேட்கலாம் என்ற தைரியம் உங்களிடம் கிடைத்தது. பள்ளியில் நான் கற்றதிலேயே முக்கியமானது அதுதான். இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள், டீச்சர். மனமார்ந்த நன்றி.