அந்த பெட்டிய எடைக்கு போடறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆப்டிக்ஸ் லேப்ல ரொம்ப வருஷம் டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். போன மாசம் ஒரு ஆராய்ச்சி நிலையத்தோட ஸ்கிராப் ஏல லிஸ்ட் என் கைக்கு வந்துச்சு, உடைஞ்ச நாற்காலி, பழைய கம்ப்யூட்டர் இதுக்கெல்லாம் நடுவுல "மெட்டல் பாக்ஸ், பெருசு - 1"ன்னு ஒரு வரி. போய் பாத்தா ஃப்ளாஷ்லாம்ப் (பளிச்னு மின்னற விளக்கு) வெச்ச யாக் லேசர் (ஒரு வகை படிக லேசர்), சாவி கூட அதுலயே சொருகி இருக்கு! வாங்கின ப்ரொஃபசர் எப்பவோ போயிட்டாரு, மேனுவல் எங்கன்னு யாருக்கும் தெரியல, இடம் வேணும்னு லிஸ்ட்ல எழுதிட்டாங்க அவ்ளோதான்.

ப்ளக்க புடுங்கிட்டா செத்துப்போச்சுன்னு நெனைக்கறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனையே. உள்ள மின்சாரத்த சேத்து வெக்கற கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட்னு வெச்சுக்கோங்க, 1000 வோல்ட்ல சார்ஜ் ஆகி நின்னா 50 ஜூல், அந்த மாதிரி நாலு இருந்தா 200, தாறுமாறா துடிக்கற இதயத்துக்கு ஆஸ்பத்திரில குடுக்கற ஷாக்கே கிட்டத்தட்ட அவ்ளோதான். வேலைக்கு சேர்ந்த புதுசுல நானே பட்டிருக்கேன். ஒரு கெப்பாசிட்டர ஒழுங்கா ரெசிஸ்டர் வெச்சு டிஸ்சார்ஜ் பண்ணேன் (உள்ள இருக்கற சார்ஜ இறக்கினேன்), மீட்டர்ல ஜீரோ காட்டுச்சு, வயர எடுத்துட்டு வேற வேலைய பாக்க போயிட்டேன், சாயங்காலம் வந்து அத தூக்கினா படார்னு ஒரு அடி, முழங்கை வரைக்கும் மரத்துப்போச்சு. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருக்கற பொருள்ல தங்கின சார்ஜ் மெதுவா திரும்பி வந்துருக்கு. அன்னிலேர்ந்து டிஸ்சார்ஜ் பண்ணதும் ரெண்டு டெர்மினலுக்கும் சேர்த்து செப்புக்கம்பிய முறுக்கி அப்படியே விட்டுடுவேன், இதத்தான் ஷார்ட் பண்றதுன்னு சொல்வோம். ஸ்க்ரூ டிரைவரோட உட்கார்ந்து செம்பு தேடற ஸ்கிராப்காரருக்கு இதெல்லாம் யாரு சொல்லுவா?

எல்லா லேசரும் ஒண்ணு இல்லங்க. பழைய ஆர்கான் லேசர் டியூப் பலதுக்குள்ள பெரிலியம் ஆக்சைடு இருக்கும், பாக்க சாதாரண வெள்ளை பீங்கான்தான், உடையாத வரைக்கும் ஒண்ணும் பண்ணாது, உடைச்சு அந்த தூசிய மூச்சுல இழுத்தா நுரையீரல் போச்சு. எக்ஸைமர்னு ஒரு வகை வாயு லேசர்னா உள்ள விஷ வாயுவான ஃப்ளோரின் இல்லன்னா ஹைட்ரஜன் குளோரைடு, அத முறையா வெளியேத்தாம வால்வுல கைய வெக்கக்கூடாது. டை லேசர்னா சாயம் கலந்த சால்வன்ட் (கரைப்பான்), அத சிங்க்ல ஊத்தறவங்களையும் பாத்துருக்கேன், என்னத்த சொல்ல.

சரி, நல்லா ஓடற லேசர் இருக்கு, யாருக்காவது குடுத்துடலாமேன்னா தாராளமா குடுங்க, எனக்கும் அதுதான் ஆசை. சின்ன ஹீலியம் நியான் லேசர்னா பாடம் நடத்தறவங்களுக்கு பொக்கிஷம், 632.8 நானோமீட்டர் சிவப்பு ஒளி, இன்டர்ஃபெரன்ஸ் (ஒளி அலைங்க ஒண்ணோட ஒண்ணு கலக்கறது) காட்ட அத விட எளிசா எது இருக்கு? அதையும் வருஷக்கணக்கா அலமாரில பூட்டி வெக்காதீங்க, பழைய டியூப்ல சும்மா இருந்தாலும் ஹீலியம் கசிஞ்சு போயிட்டே இருக்கும். ஆனா பெரிய ஆர்கான் லேசர ஓசில வருதுன்னு வாங்கறவங்க கொஞ்சம் யோசிங்க, சில வாட் வெளிச்சத்துக்கு பல கிலோவாட் கரண்ட், த்ரீ பேஸ், ஓடிட்டே இருக்க தண்ணி எல்லாம் கேக்கும், கடைசில உங்க ஸ்டோர் ரூம்லதான் போய் தூங்கும். யாக் லேசர் இன்னும் மோசம், 1064 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது, ஆனா கண்ணு லென்ஸ் அத அப்படியே விழித்திரைல குவிச்சுடும், கண்ண சிமிட்டி தப்பிக்கலாம்னா வெளிச்சம் தெரிஞ்சாதானே சிமிட்டறதுக்கு. அதனால வாங்கற எடத்துல லேசர் பாதுகாப்புக்குன்னு பொறுப்பான ஆள் இருக்காரா, கண்ணுக்கு போடற சரியான பாதுகாப்பு கண்ணாடி இருக்கா, கதவுல இன்டர்லாக் (கதவ தொறந்தா லேசர் தானா நிக்கற அமைப்பு) இருக்கான்னு கேட்டு, அத எழுதி வாங்கிட்டு மேனுவலோட குடுங்க. யாரும் வேணாம்னா பவர் கேபிள வெட்டி, உள்ள ஒளிய திருப்பற கண்ணாடிகள கழட்டி, யாராலயும் திரும்ப ஓட்ட முடியாதபடி பண்ணிட்டு ஈ-வேஸ்ட்டுக்கு அனுப்புங்க. விஷம் இருக்கற பாகம் தனியா போகணும்.

அந்த "மெட்டல் பாக்ஸ்" ஏலத்துலேர்ந்து தள்ளி வெச்சிருக்காங்க, நான் ரெண்டு நாள் உட்கார்ந்து பிரிச்சுக் குடுத்தேன். ரிட்டயர் ஆகப்போற டெக்னீஷியன் தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கெளம்பறதுக்கு முன்னாடி என்ன லேசர், எந்த அலைநீளம், உள்ள என்ன விஷம் இருக்கு, கெப்பாசிட்டர எந்த தேதில ஷார்ட் பண்ணீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி பெட்டி மேல ஒட்டிட்டு போங்க, சாவிய மட்டும் அதுலயே விட்டுட்டு போகாதீங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய லேப் டெக்னீஷியன்