டப்பாவைத் திறக்காதே

அன்புள்ள கோபாலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சாக்கு எதுவும் இல்லை, திட்டிக்கொள். லதாவின் முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சேகர் இன்னமும் 'ரெண்டே நிமிஷம்' சேகர்தான்.

வீட்டுக்கு நீயே பெயின்ட் அடிக்கப்போகிறாயாம். தாராளமாக அடி. ஆனால் என்ன நிறம் என்று முக்கால் பக்கம் எழுதிவிட்டு, "படுக்கையறைச் சுவரில் அடிப்பக்கம் மட்டும் பொருக்கு உதிர்கிறது, சுரண்டிவிட்டு அடித்துவிடுவேன்" என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய் பார், அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்றால் திறக்காதே.

சுவரின் அடியில் மட்டும் உதிர்ந்தால் அது பழைய பெயின்ட்டின் குற்றம் இல்லை, உள்ளே ஈரம். தண்ணீர் சுவருக்குள் ஊறி வரும்போது செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். மேல்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பெயின்ட்டுக்கு அடியிலேயே படிகமாகித் தங்கும். அது வளர வளரப் பெயின்ட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். நீ சுரண்டிவிட்டு மேலே எத்தனை கோட் அடித்தாலும் எல்லாம் கொப்புளம் விட்டு உரிந்து வரும்.

அதனால் முதலில் சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டு. ஒரு நாள் முழுக்க விட்டுப் பார். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

சுவரிலிருந்துதான் என்றால் எங்கிருந்து என்று தேட வேண்டும். வெளியே அந்த இடத்தில் மண் மேடு ஏறி, வீட்டின் தரை மட்டத்துக்கு மேலே போயிருக்கிறதா? சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாயா? மறுபக்கம் குளியலறையா? மழை பெய்தால் மட்டும் கறை பெரிதாகிறது என்றால் வெளிச்சுவர் விரிசலையோ மழைநீர்க் குழாயையோ பார். மழை வெயில் எதுவானாலும் ஒரே மாதிரி இருந்தால் உள்ளே போகிற தண்ணீர்க் குழாய் மேல் சந்தேகப்படு. மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அது சுற்றுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

காரணத்தை அடைத்த பிறகு சுவர் காய விட வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம். பூத்திருக்கிற உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடாதே, கரைந்து திரும்ப உள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டு. விரலால் தட்டிப் பார்த்து 'டொப்பு டொப்பு' என்று வெற்றுச் சத்தம் கேட்கிற பூச்சை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசு. புதுப் பூச்சுக்கு 28 நாளாவது கொடு.

யாராவது "எனாமல் அடி, ஈரம் தாங்கும்" என்பார்கள். சேகர் நிச்சயம் சொல்வான். கேட்காதே. எனாமல் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். போதாததற்கு ஈரச் சிமென்ட்டின் காரமும் எனாமலின் எண்ணெயும் சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. நம் கெமிஸ்ட்ரி லேபில் நீ செய்ததைவிட நன்றாகவே வரும், சுவர் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

சரி, மற்ற சுவர்கள். உள்ளங்கையால் அழுத்தித் தடவிப் பார். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் பழைய சுண்ணாம்பு. அதன் மேல் எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலக்கிற பெயின்ட், நிற்காது, முழுவதும் சுரண்டி எடுத்தாக வேண்டும். ரொம்பப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் காய்ந்த உப்புத்தாள் போடவே போடாதே. நனைத்துத் தேய், முகமூடி போடு, பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

பள்ளம் நிரப்பப் பட்டியை ஒரேயடியாகத் தடிமனாக அப்பாதே. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து, பிறகு வெடிக்கும். மெல்லிசாக ஒன்று, காய்ந்ததும் இன்னொன்று. சிமென்ட் பட்டியை இரண்டு மணி நேரத்தில் தீர்க்கிற அளவுக்கு மட்டும் குழை. இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பலம் போய்விடும். காய்ந்த பிறகு 180 நம்பர் உப்புத்தாள், முடிவில் 220. விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு மேடு பள்ளமும் நிழல் காட்டும். பகலில் கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் அப்போது தெரியும். தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெயின்ட்டுக்கு அடியில் போகிற பிரைமர் ஒரு கோட். பிரைமரை மிச்சம் பிடிக்காதே. பட்டி வைத்த இடம் உறிஞ்சுவது வேறு, பழைய பெயின்ட் உறிஞ்சுவது வேறு. பிரைமர் இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அளவில் ஒரு தப்பு. 12க்கு 10 அறை, உயரம் 10 என்று எழுதியிருக்கிறாய். சுற்றளவு 44, உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு ஒரு 40 கழித்தால் 400. இரண்டு கோட்டுக்கு 800. லிட்டருக்கு ஒரு கோட் 100 சதுர அடி என்று வைத்தால் 8 லிட்டர், அதுவும் மேற்கூரை சேர்க்காமல். நீ வாங்கி வைத்திருக்கிற 4 லிட்டர் ஒரு கோட்டோடு சரி. மிச்சத்தை இப்போதே வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரு பெரிய பக்கெட்டில் கொட்டிக் கலக்கிவிடு. ஒரே நிற எண்ணாக இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா இம்மி வித்தியாசம் வரும். சுவரின் நடுவில் அது தெரிந்தால் சகிக்காது. தண்ணீர் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். உன் கை தாராளக் கை, அதனால் சொல்கிறேன்.

அடிப்பது எளிது. மேற்கூரை முதலில், பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல். ஓரங்களை இரண்டு இஞ்ச் பிரஷ்ஷால் அடித்து, அது காய்வதற்குள் அந்தச் சுவரை ரோலரால் முடித்துவிடு. எல்லாச் சுவருக்கும் ஓரம் மட்டும் முதல் நாள் அடித்துவைத்தால் படச்சட்டம் போட்ட மாதிரி நிற்கும். 9 இஞ்ச் ரோலர், வழவழப்பான சுவருக்கு 10 மில்லிமீட்டர் மயிர் போதும். புது ரோலரை ஒரு முறை கழுவிக் காயவை, இல்லாவிட்டால் உதிர்கிற நூலெல்லாம் சுவரில். ஈரமான விளிம்பை விட்டு விலகாமல் போய்க்கொண்டே இரு. பாதி காய்ந்த இடத்தில் "ஒரு சின்ன டச்" என்று கை வைத்தாயோ, போச்சு. அடுத்த கோட்டுக்கு நான்கு மணி நேரமாவது பொறு. பெயின்ட் படக் கூடாத ஓரங்களில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுதாகக் காய்வதற்குள் சாய்வாக இழுத்து எடு, காய்ந்தபின் இழுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து கிழியும்.

வெளிச்சுவரையும் இந்த முறையே முடிக்கிற ஆசை உனக்கு. உள்ளே அடித்தது மீந்துபோனால் வெளியே அடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே, அது வெயிலும் மழையும் தாங்கப் பண்ணியது இல்லை. பாசிக்கு ஒரு பங்கு பிளீச், மூன்று பங்கு தண்ணீர், கால் மணி ஊறவிட்டுக் கழுவு. அதோடு ஆசிட்டையோ அமோனியாவையோ சேர்த்துவிடாதே, விஷவாயு வரும். விரிசலை 'வி' மாதிரி அகலப்படுத்தி அடை, மேலாகத் தடவினால் அடுத்த வெயிலில் மறுபடி வாய் பிளக்கும். சூரியனுக்குப் பின்னாலேயே போ: நிழல் விழுந்த சுவரை மட்டும் அடி. சுடுகிற சுவரில் பெயின்ட் பிடிப்பதற்கு முன்பே காய்ந்துவிடும்.

ஏணி. இதில் கிண்டல் இல்லை. சுவரில் சாய்கிற உயரம் 12 அடி என்றால் ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். உச்சியில் இருக்கிற மூன்று படியில் நிற்காதே. எட்டிப் பிடிக்காதே, இறங்கி நகர்த்து. மின்கம்பி பக்கத்தில் அலுமினிய ஏணியே கூடாது. இரண்டாவது மாடியை ஆள் விட்டு அடி. நமக்கு வயது அறுபத்திரண்டு.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். லதா சொல்வதுதான் சரி என்று சொல்லமாட்டேன், நீயும் இல்லை. இரண்டையும் இரண்டடிச் சதுரமாகச் சுவரில் அடித்துக் காயவிட்டு, காலையிலும் விளக்கு வெளிச்சத்திலும் பாருங்கள்.

அதுவும் அப்புறம். இன்றைக்குப் பிளாஸ்டிக் தாளை ஒட்டு. நீர் எந்தப் பக்கம் கோத்தது என்று நாளன்றைக்கு எனக்கு எழுதிப் போடு, இந்தத் தடவை அன்றே பதில் போடுகிறேன்.

உன்,
ராமு