எங்கள் அம்மாக்களும் சிரிக்கட்டும்

அனிமேஷன் படங்களைத் தமிழில் டப்பிங் செய்து வெளியிடுகிறவர்களுக்கு,

வணக்கம். போன கோடை விடுமுறையில் நீங்கள் தமிழில் வெளியிட்ட ஒரு படத்துக்கு என் மகளோடு அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். படத்தின் பெயர் வேண்டாம், குறை அந்த ஒரு படத்தோடு முடிவதில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இடைவேளையில் அம்மா, "இது சின்னப் பிள்ளைங்க படம்தானே, என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டார்.

பிறகு அதே படத்தை ஆங்கிலத்தில் பார்த்தேன். அம்மா சிரித்திருக்க வேண்டிய இடங்கள் அதில் நிறையவே இருந்தன. வயதான கணவனும் மனைவியும் பேசாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு காட்சி. அந்த மௌனம்தான் அங்கே நகைச்சுவை. தமிழில் அதன் மேல் ஒரு பழைய வடிவேலு வசனத்தை ஏற்றியிருந்தீர்கள். வடிவேலுவை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் வசனம் அவர் முகத்தோடும் உடம்போடும் சேர்ந்துதான் சிரிப்பு. போதாததற்கு, ஒருவரின் பருமனைக் கிண்டலடிக்கும் வரி வேறு. மூலத்தில் அது இல்லவே இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: படத்தில் பெரியவர்களுக்கென்று இருக்கும் நகைச்சுவையைத் தமிழிலும் கொடுங்கள்.

பெரியவர்களுக்கான நகைச்சுவை என்றதும் இரட்டை அர்த்த வசனத்துக்குப் போய்விடாதீர்கள். 2004இல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தில் முன்னாள் சூப்பர் ஹீரோ ஒருவர் காப்பீட்டு அலுவலகத்தில் புழுங்கிக்கொண்டிருப்பார். பணம் மறுக்கப்பட்ட பாட்டியிடம், உதவ முடியாது என்று சொல்வதுபோலவே, எந்த மாடியில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ரகசியமாகச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகளுக்கு அவர் சின்ன மேசையில் திணறும் பெரிய உடம்புக்காரர். அப்பா இறந்தபின் காப்பீட்டுப் பணத்துக்காகக் கவுன்டர் கவுன்டராக அலைந்த என் அம்மாவுக்கு அந்தக் காட்சி வேறு. சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். 2016இல் வந்த 'ஜூடோபியா'வில் வாகனப் பதிவு அலுவலகத்தையே ஸ்லாத்கள், அதாவது மிக மிக மெதுவாக அசையும் விலங்குகள், நடத்துகின்றன. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நாம் காத்திருப்பதுதான் அங்கே நகைச்சுவை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்த இடைவெளியில் யாராவது ஒரு பஞ்ச் வசனத்தைச் செருகினால் காட்சியே செத்துவிடும்.

தமிழில் இதெல்லாம் எடுபடாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1964இல் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொன்னார். பிள்ளைகள் பாலையாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவின் காசில் படம் எடுத்துவிடத் துடிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தப் படத்தை எழுதியவர்களில் ஒருவரான சித்ராலயா கோபு போன்றவர்கள் எழுதிப் பழகிய மொழி இது.

குறை எழுத்தாளர்களிடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 2019இல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது அரவிந்த்சாமி, சித்தார்த், ரோபோ சங்கர், சிங்கம்புலி எல்லாம் குரல் கொடுத்தது ஊருக்கே தெரியும். வசனம் எழுதியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நட்சத்திரக் குரல்களுக்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சமாவது எழுதுகிறவருக்குக் கொடுங்கள். முழுப் படத்தையும் அவரிடம் காட்டி, யோசிக்க நேரம் கொடுங்கள். பேச்சில்லாத காட்சிகளைப் பேச்சில்லாமலே விட்டுவையுங்கள்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் முழுப் படத்தைப் பார்க்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. டிக்கெட் விலையில் பாதி வாங்குகிறீர்களா? பேரப்பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறவர்கள் பலர் ஆங்கிலம் படிக்க வாய்ப்பு கிடைக்காதவர்கள். வேறு எங்கெங்கோதான் அவர்களை ஒதுக்கிவைத்திருக்கிறோம், சினிமா தியேட்டரிலுமா?

கோபம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறைக்கும் படம் கொண்டுவருவீர்கள், நாங்களும் வருவோம். அதன் தமிழ்ப் பிரதியை வெளியிடும் முன்பு, ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் சிலரை உட்காரவைத்து ஒரு முறை போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்காத இடங்களை எழுத்தாளரோடு உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள். இதைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒரு தமிழ் ரசிகை