ஃபாரத்தில் எழுத வேண்டியது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். தோப்பில் பெங்களூரா மாங்காய் இன்னும் பத்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் இன்னும் விலை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணியபோது கேட்டாயே, கம்பெனி இன்சூரன்ஸ் ஃபாரத்தில் ‘இதற்கு முன் கட்டி, ஆபரேஷன் ஏதாவது உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, என்ன போடட்டும் என்று. “அதெல்லாம் ஒன்னுமில்லை, இல்லைன்னு போட்டுடு” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. உன் கால் விஷயத்தில் நான் ‘ஒன்னுமில்லை’ என்று சொன்னது இது முதல் தடவை இல்லை கண்ணு.

2009 தை மாசம் ஆரம்பித்தது. நீ ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் முழுக்கத் தோப்பில் ஓடியாடுவாய். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். காயம் இல்லை, அடிபட்ட தடம் இல்லை. வளர்ற பிள்ளைக்குக் கால் குடையத்தான் செய்யும் என்று பாட்டி சொன்னார்கள். அம்மா விளக்கெண்ணெய் தேய்த்தாள், தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. மெடிக்கலில் வாங்கிய இபுபுரூஃபன் மாத்திரை போட்டால் மட்டும் அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவாய். காலையில் மறுபடியும் விளையாட்டு.

அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. நிஜ வலியாக இருந்தால் ஒரு மாத்திரைக்கு அடங்குமா, பகலில் எங்கே போகிறது என்று நினைத்தேன். ஜூன் மாசம் ஆறாவது சேர்ந்து புதுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், போகப் பிடிக்காமல் சாக்கு சொல்கிறாய் என்றே முடிவு கட்டிவிட்டேன். பறிப்பு நேரம் வேறு. நாலு மணிக்கு எழுந்து லாரி ஏற்ற வேண்டும். ஒரு ராத்திரி நீ அழுதபோது “நடிக்காதே” என்று சொல்லி முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது. எனக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் நீ அழுவதை நிறுத்திவிட்டாய். சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அம்மா உன் போர்வையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். ஒரு மூலை மட்டும் நைந்து, நூல் பிரிந்து, ஈரமாக இருந்தது. சத்தம் வெளியே வராமல் இருக்க அதைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறாய். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே உன்னை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன்.

படத்தைப் பார்த்த டாக்டர், “எலும்பு தடிச்சிருக்கு, உள்ளே கட்டி மாதிரி தெரியுது, வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். கட்டி என்ற வார்த்தைக்கு அன்று எனக்கு ஒரே அர்த்தம்தான். நம்ம பக்கத்து ஊரில் ஒரு பையனுக்கு முழங்காலில் கட்டி என்று காலையே எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவோம் என்ற பயம். அவள் காட்டுவீர ஆஞ்சநேயர் கோயிலில் தேங்காய் கட்டிவிட்டு வந்தாள். நான் தோப்பிலேயே கிடந்தேன். உன்னிடம் மட்டும் இரண்டு பேரும் ‘ஒன்னுமில்லை சாமி’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

விடியற்காலை பஸ்ஸில் பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர். நீ என் மடியில் தலை வைத்துத் தூங்கினாய். அங்கே டாக்டர் எடுத்த எடுப்பில் படத்தைப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்து உன் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். வலது கால் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் குறைச்சல். வலிக்கிற காலை முழுசாக ஊன்றாமல் ஆறு மாசமாகச் சமாளித்து நடந்திருக்கிறாய். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துவிட்டவள் அம்மா, சைக்கிளில் ஏற்றி இறக்கியவன் நான். எங்கள் கண்ணில் படவில்லை. அப்புறம் அவர் கேட்டார்: “ராத்திரியிலே வலி அதிகமா? மாத்திரை போட்டா போயிடுதா?” எதை வைத்து நான் உன்னைப் பொய்யன் என்றேனோ, அதுதான் அந்த நோயின் அடையாளமாம்.

பெயர் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. சிடி ஸ்கேனில் காட்டினார். வெள்ளையாகத் தடித்த எலும்புக்கு நடுவே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. மாங்கொட்டை வண்டு நினைவுக்கு வந்தது. வெளியே காய் பளபளவென்று இருக்கும், தோலில் ஒரு தடமும் இருக்காது, கொட்டையைப் பிளந்தால்தான் வண்டு தெரியும். அந்தப் புள்ளி புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்றைச் சுரக்கிறதாம், வலியைக் கிளப்புவது அதுதான். நீ போட்ட மாத்திரை அந்தச் சுரப்பைத்தான் தடுத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் இளவயசுக்காரர்களுக்கும் வருவது, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். புற்று இல்லை, பின்னால் புற்றாக மாறவும் மாறாது. “பயப்பட ஒன்னுமில்லை” என்றார்.

நான் நம்பவில்லை. உன் வலியையும் நம்பவில்லை, அவர் சொன்ன நல்ல சேதியையும் நம்பவில்லை. அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்து, எங்களுக்காக மறைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மறுபடி உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னார்.

வைத்தியம் சிம்பிளாக முடிந்தது. மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எலும்புக்குள் ஊசி செலுத்தி, அதன் முனையைச் சுமார் 90 டிகிரிக்குச் சூடாக்கிச் சில நிமிஷத்தில் அந்தப் புள்ளியைச் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பஸ் ஏறினோம். ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்று இரண்டு நாள் சொன்னாய்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு மணி எப்போது வரும் என்று நானும் அம்மாவும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. நீ புரண்டு படுத்தாய், எழுந்திருக்கவில்லை. அம்மா பயந்துபோய் உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை நாளும் அழாதவள்.

நியாயமாக நான் அதோடு விட்டிருக்க வேண்டும். சிலருக்குத் திரும்ப வரலாம், வந்தால் மறுபடி சுட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னதில் ‘திரும்ப வரலாம்’ மட்டும் என் காதில் நின்றுவிட்டது. மூன்று மாசம் குதிக்க வேண்டாம் என்றார், நான் இரண்டு வருஷம் உன்னைக் கபடிக்கு விடவில்லை. நீ தூங்கிய பிறகு தினமும் வந்து அந்த எலும்பைத் தடவிப் பார்ப்பேன். எட்டாவதில் ஸ்கூல் டீமில் உன்னை எடுத்தபோது, சாரைப் பார்த்துப் பேசிப் பெயரை எடுக்கச் சொன்னவன் நான்தான். நீ சாரைத்தான் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தாய். அவர் மேல் தப்பில்லை.

அடித்ததற்கும் இதற்கும் சேர்த்து அப்பாவை மன்னித்துவிடு. போனில் இதைச் சொல்ல எனக்கு வராது.

ஃபாரத்தில் மறைக்காதே. ‘ஆம்’ என்று போட்டு, ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா, வலது முழங்காலுக்குக் கீழே, 2009, ஊசி மூலம் சுடப்பட்டது, புற்று அல்ல’ என்று எழுது. டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. இரண்டு காப்பி எடுத்துக் கூரியரில் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். பழைய எக்ஸ்ரேவும் அதோடுதான் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அந்தப் புள்ளி இன்னும் தெரிகிறது. அதை மட்டும் அனுப்பவில்லை. என்னிடமே இருக்கட்டும்.

உன்
அப்பா