கங்கணம் வேறு, முழுக் கிரகணம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கிரகணக் கட்டுரையில் ஒரு வரி: '2019 டிசம்பரில் காரைக்குடி வட்டார மக்கள் முழு சூரிய கிரகணத்தைக் கண்டு களித்தனர்.' அந்த வட்டார மக்களில் நானும் ஒருத்தி. நான் அப்படி எதையும் கண்டு களிக்கவில்லை. 26ஆம் தேதி காலையில் இங்கே நடந்தது கங்கண கிரகணம். நிலா அன்று கொஞ்சம் தள்ளி இருந்ததால் சூரியனை முழுக்க மூட அதற்கு அளவு போதவில்லை. சுற்றிலும் வளையல் மாதிரி வெயில் மிஞ்சிவிட்டது. ஒன்பதரை மணிக்கு மொட்டை மாடியில் கிரகணக் கண்ணாடியோடு நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடியைக் கழற்ற முடியாது, ஊரும் இருட்டாது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அச்சுக்குப் போயிருக்கிறதே என்பதுதான் உறுத்துகிறது.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. முழுக் கிரகணம் கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா என்று போனது. நமக்குப் பகுதிக் கிரகணம்தான். எனக்கு மட்டும் முழு இருட்டு, ஏனென்றால் தலைச்சன் பிள்ளை வயிற்றில். இரண்டாங்கட்டில் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். தண்ணீர்கூடக் கிடையாது. வெளியே வளவில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி, 'நிக்குது, நிக்குது' என்று பிள்ளைகள் கத்தியது மட்டும் கேட்டது. அப்போதும் எங்கள் வீட்டுக்குத் தங்கள் பத்திரிகைதான். கர்ப்பிணிகள் அரிவாள்மணையைத் தொடலாகாது, நகம் கிள்ளலாகாது என்று அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். என் மாமியார் அதைக் கதவுக்கு வெளியே நின்று எனக்கு வாசித்தே காட்டினார். அதற்குப் பிறகு சந்தா எத்தனையோ தடவை ஏறிவிட்டது. அந்த அரைப் பக்கம் அப்படியே இருக்கிறது. சென்ற இதழில்கூட, விஞ்ஞானக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே பரிகார நட்சத்திரங்கள்! இரண்டில் எதை நம்புவது என்று வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும் என்ற பெருந்தன்மை போலும்.

சரி, அன்று வயிற்றில் இருந்தவன்தான் 2024 ஏப்ரல் 8 அன்று எனக்கு முழுக் கிரகணம் என்றால் என்ன என்று காட்டினான். டல்லாஸ் பக்கம் அவன் வீடு. காலையில் ஒரே மேகம். இவ்வளவு தூரம் வந்தும் இல்லையா என்று நொந்துபோனேன். மதியத்துக்குள் மேகம் விலகியது. மருமகளின் ஜல்லிக் கரண்டியை வெயிலில் பிடித்தேன். வாசல் சிமெண்டில் ஓட்டைக்கு ஒன்றாகப் பிறை விழுந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கரண்டியைப் பிடுங்காத குறைதான். வெயில் மங்க மங்க, அது சாயங்கால மங்கல் மாதிரி இல்லை. நிறமெல்லாம் வெளிறி, நிழல் மட்டும் கத்தியால் கீறினாற்போல் கூர்மையாகிவிட்டது. குளிர்ந்தது. ஒன்று நாற்பதுக்கு, அணைத்தாற்போல் இருட்டு. தெருவிளக்கு எரிந்தது. மகன் 'இப்ப கண்ணாடியைக் கழட்டலாம்' என்றான்.

கழற்றினேன். சூரியன் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம், அதைச் சுற்றி நரைமுடி பறப்பது போல் வெள்ளொளி. அடியில் குங்குமப்பொட்டு மாதிரி சிவப்பாக ஒரு துளி. அது சூரியனிலிருந்து எழும் அனல் என்று பிறகு சொன்னார்கள். கீழே சற்றுத் தள்ளி வெள்ளி, பட்டப்பகலில். நாலு திசையிலும் அடிவானத்தில் அந்தி. தெருவே கத்தியது. என் கை தானாகக் கூப்பிக்கொண்டது, வாயில் பாதி முறுக்கு. மாமியார் இருந்திருந்தால்! ஏறக்குறைய நான்கு நிமிடம். ஓரத்தில் வைரம் மாதிரி ஒரு பொறி தெறித்ததும் முடிந்துவிட்டது.

அதே நாள் ஹூஸ்டனில் இருந்த என் தங்கை மகனுக்கு முழுமை கிடைக்கவில்லை. 'லேசா வெயில் குறைஞ்சுது' என்றான். தங்கள் கட்டுரையாளர் முழுக் கிரகணத்தையே 'பகல் சற்று மங்கும்' என்று முடித்திருக்கிறார். அவரும் அன்று ஹூஸ்டனில் இருந்தார் போல.

அந்த வெள்ளொளிக்குக் கரோனா என்று பெயர் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். 2019 கிரகணத்தால்தான் அந்த நோய் வந்தது என்று சொன்னவர்களும் எங்கள் ஊரில் உண்டு. இனி தங்கள் இதழைச் சாட்சிக்கு இழுப்பார்கள்.

இன்னொன்று. சூரிய ஒளியில் ஹீலியம் வாயுவின் தடயம் தெரிந்த கதைக்காக 1868 குண்டூர் கிரகணம் வரை போன கட்டுரை, புதுக்கோட்டையை எட்டிப் பார்க்கவில்லை. 1871 டிசம்பர் 12 முழுக் கிரகணம் நம் பக்கமாகப் போனது. ரெஸ்பிகி என்ற இத்தாலிய வானியலாளர் கடல் தாண்டி வந்து புதுக்கோட்டையில் நின்று, சூரிய விளிம்பின் ஒளியைப் பட்டகத்தால் பிரித்துப் பார்த்தார். எங்கள் செட்டிநாட்டைப் பற்றி எழுதுவதென்றால் தங்களுக்குத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், கோழிக் குழம்பு. அதற்கு மேல் இங்கே வானம் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: 2019இல் நடந்தது கங்கண கிரகணம். இந்தியாவில் அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20, கார்கில் பக்கம் என்பதையும் சேர்த்தால் நல்லது. எனக்கு அப்போது எழுபத்தேழு, இப்போதே மகனிடம் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம், போன கடிதத்தில் எங்கள் ஊரைக் 'காடுகாத்தான்' ஆக்கிவிட்டீர்கள். இந்த முறையாவது உள்ளபடி போடவும்.

ஒரு பழைய சந்தாதாரர்,
கானாடுகாத்தான்