சிவப்பைப் பார்த்து மருந்தை நிறுத்தியவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் காசநோய்க்கு 6 மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் சாப்பிடுகிறவர் ஏன் நடுவில் விடுகிறார் என்பதைத் தொடவே இல்லையே!

என் மச்சான் தையல்காரர். மருந்து தொடங்கிய மறுநாள் கைலியில் ஆரஞ்சு நிறக் கறையைப் பார்த்து, ரத்தம் போகிறது என்று பதறிவிட்டார். அக்காவிடம்கூடச் சொல்லாமல் 9 நாள் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அது ரத்தமே இல்லை, ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூட அப்படித்தான் வரும், கெடுதல் இல்லை. மருந்தோடு கொடுத்த தாளில் இது இருந்ததாம். ஆனால் தாள் பர்மிய எழுத்தில். மச்சான் பர்மா மொழியைச் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது.

காசநோய்க் கிருமி சோம்பேறி. ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கூடவே தரும் ஐசோநியாசிட் என்ற மருந்து அதன் மெழுகுச் சுவரைக் கட்டவிடாது. அதில் சாவது பெருகிக்கொண்டிருக்கும் கிருமிதான். தூங்கிக் கிடப்பதையும் கொல்ல ரிஃபாம்பிசின் வேண்டும், மாதக்கணக்கில் வேண்டும். பாதியில் விட்டால் மிஞ்சியது மருந்துக்கு மசியாத கிருமியாகிவிடலாம்.

எல்லாப் பக்கவிளைவும் இப்படிச் சாதுவானது அல்ல. கண் மஞ்சளாகி வாந்தியும் வந்தால் ஈரல் கெடுகிறது. அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். எத்தாம்பியூட்டால் என்ற இன்னொரு காசநோய் மருந்து அரிதாகக் கண் நரம்பைத் தாக்கும், சிவப்பும் பச்சையும் குழம்பும். இதைக் கேள்விப்பட்ட அக்கா தினமும் காலையில் இரண்டு நூல்கண்டை நீட்டி, “இது என்ன கலர்?” என்பார். கடுப்பில் ஒருநாள் மச்சான் “நீலம்” என்று சொல்ல, அக்கா அழுதேவிட்டார்.

தொழுநோய்க்கும் இதே ரிஃபாம்பிசின்தான், மாதம் ஒருமுறை. கூடவே தரும் க்ளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். எங்கள் தெருவில் ஒரு பெண் அந்தக் கறுப்பை மறைக்கத் தனக்காவை, அதாவது இங்கே பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தை, அப்பிக்கொண்டு திரிந்தாள். அழகுக்கு என்றுதான் நினைத்தோம். மருந்து முடிந்த பிறகு மெல்ல மெல்ல நிறம் திரும்புகிறது.

அடுத்த இதழில் அந்த ஆரஞ்சு நிறச் சமாச்சாரத்தை மட்டுமாவது தமிழில் கொட்டை எழுத்தில் போடுங்கள். வெட்டித் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டப்போவதாக மச்சான் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிரியம், ரங்கூன்